அடைக்கலங்குருவி

கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, சாந்தோம் பேராலயத்துக்கு வடக்கே, கடலை நோக்கி அமைந்த மீனவர் ஊர் நொச்சிக்குப்பம். விடியற்காலையில் படகுகள் கரை சேரும். வலைகள் மணலில் விரிக்கப்படும். மீன் கூடைகள் சாலையை நோக்கிச் செல்லும். அப்பொழுது மக்களோடு போட்டியிட்டுக்கொண்டு பறவைகளும் அங்கே கூடும். காகம் கூடைகளைச் சுற்றி நடக்கும். பருந்து மேலே வட்டமிடும். வெண்கொக்கு ஒன்று, வலையை உதறும் மீனவருக்கு நான்கடித் தொலைவில் அஞ்சாமல் நிற்கும்.

நொச்சி என்பது ஒரு செடியின் பெயர். அதன் இலை மயிலின் அடியை ஒத்தது என்று பண்டைப் புலவர் கண்டனர். மேற்கே உள்ள மயிலாப்பூரோ மயிலின் பெயரையே தாங்கி நிற்பது. ஊர்களுக்கு இட்ட பெயர்கள் எளிதில் மாறுவதில்லை. பறவைகள் அவ்வாறல்ல, தமக்கு இடம் உள்ளவரையில்தான் தங்கும்.

வேனிற்காலத்து நண்பகலில், கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து காகம் ஒன்று கம்பித் துண்டைக் கவ்விக்கொண்டு ஒரு பூவரச மரத்தை நோக்கிப் பறப்பதைக் காணலாம். அது ஏன் அந்த மரத்தைத் தேர்ந்தது? அடுத்த மரத்தை ஏன் விடுத்தது? “பறவைக்கு என்ன, கண்ட இடத்தில் கட்டும்” என்று கூறுவார் பலர். அக்கூற்று பொருந்தாது. வீடு வாங்குவோர் தண்ணீர் உண்டா, பள்ளி அருகில் உண்டா என்று ஆராய்வதைக் காட்டிலும் நுட்பமாகப் பறவை தன் இடத்தை ஆராய்கிறது. ஏனெனில், தவறான வீட்டை வாங்கியவன் மறுபடியும் விற்கலாம். தவறான இடத்தில் முட்டையிட்ட பறவை அந்த ஆண்டின் குஞ்சுகளையே இழக்கும்.

தூக்கணாங்குருவியை எடுத்துக்கொள்வோர் இதனை எளிதில் உணர்வர். ஆண் குருவிதான் கூட்டைப் பின்னத் தொடங்குகிறது. பாதி முடிந்த கூட்டைப் பெண் குருவி வந்து பார்க்கிறது, பிடித்திருந்தால் தங்குகிறது, இல்லையேல் அடுத்த கூட்டுக்குப் போகிறது. அதன் பின்னல் வேலையை மெச்சாத மனிதர் இல்லை. ஆயினும், 2006-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் வியப்பான செய்தி ஒன்று புலப்பட்டது. பெண் குருவி பின்னலின் அழகைவிடக் கூடு தொங்கும் இடத்தையே பெரிதாகக் கருதுகிறது. உயர்ந்த கிளையா, முள் மரமா, கொம்பு தடித்ததா என்பவற்றையே அது நோக்குகிறது. கலைஞனின் கைத்திறனுக்குக் கிடைக்கும் பாராட்டு இரண்டாவது. இடத்துக்கே முதல் மதிப்பு.

நகரத்துப் பறவைகளும் இக்கணக்கையே போடுகின்றன. பகை எட்டக்கூடாது, வெயிலும் மழையும் நேரே தாக்கக்கூடாது, குஞ்சுக்கு வேண்டிய இரை பறந்து எடுத்துவரும் தொலைவில் இருத்தல் வேண்டும். இவை அமைந்தால் மரமானால் என்ன, மாடியானால் என்ன? நகரம் என்று மக்கள் எண்ணுவது பறவையின் கண்ணுக்கு நகரமாகத் தோன்றுவதில்லை. புறாவின் முன்னோர் மலைப்பாறை இடுக்குகளில் வாழ்ந்தவை. அதற்கு அடுக்குமாடிக் கட்டடம் ஒரு செங்குத்துப் பாறை. பலகணியின் மேல் உள்ள விளிம்பு ஒரு பாறை இடுக்கு. மாடத்தில் வாழ்வது பற்றியே அதனை மாடப்புறா என்று தமிழர் அழைத்தனர். குகைகளில் கூடு ஒட்டிய நாட்டு உழவாரனுக்குக் கோயில் மண்டபமும் பாலத்தின் அடிப்புறமும் குகைகளே. மரப்பொந்தில் வாழ வேண்டிய கிளியும் கூகையும் பழைய கோபுரங்களின் சுதை இடுக்குகளில் புகுந்துகொள்கின்றன. பனை உழவாரன் மட்டும் இவ்வகையில் பிடிவாதமுடையது. காய்ந்து தொங்கும் பனையோலையின் அடியில் எச்சிலால் பஞ்சையும் இறகையும் ஒட்டி அது கூடு அமைக்கும். பனை மரத்தை ‘அழகு’ செய்வதாக எண்ணிக் காய்ந்த ஓலைகளை எல்லாம் கழித்துவிட்டால், அந்த மரம் அதற்கு இல்லாத மரமே.

காகம் கவைத்த கொம்புகளை நாடும். நகரத்துக் காகம் சுள்ளியோடு கம்பியையும் வைத்துக் கட்டுவதைப் பலரும் கண்டிருப்பர். கம்பி வளைந்து கொடுக்கும். காற்றில் எளிதில் கலையாது. அக்கூட்டைத் தேடிக் குயில் வருவதும், ஆண் குயில் காகத்தைத் துரத்தச் செய்து பிரிக்க, பெண் குயில் தன் முட்டையை இட்டு மீள்வதும் பழைய கதை. கடற்கரைக்கே உரிய இடர் ஒன்று உண்டு. கிழிந்த நைலான் வலையின் நூலையும் பறவைகள் கூட்டுக்கு எடுத்துச் செல்கின்றன. குஞ்சின் காலில் அந்நூல் சுற்றிக்கொண்டால், குஞ்சு வளர வளர நூல் இறுகும். பயனற்ற வலைத் துண்டை மணலில் விடாமல் அள்ளிப் போடுவது சிறு வேலைதான். இரையின் கணக்கும் மாறக்கூடியது. 2024-ஆம் ஆண்டில் இச்சாலையோரத்தில் புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. மீன் கழிவு முழுவதும் மூடிய தொட்டிக்குள் போகுமானால், காகமும் பருந்தும் கூடு அமைக்கும் இடமும் அதற்கேற்ப மாறும். அது குறையன்று, கழிவை நம்பிப் பெருகிய கூட்டம் கழிவு குறைந்தால் சுருங்குவது இயல்பு.

இனி, ஊரார் பெரிதும் வருந்திப் பேசும் பறவைக்கு வருவோம். அது சிட்டுக்குருவி. ஊர்க்குருவி என்றும் அடைக்கலங்குருவி என்றும் அதற்குப் பெயர்கள் வழங்குகின்றன. ஊர் இல்லாத இடத்தில் அது வாழாது. காட்டிலும் பாலையிலும் அதனைத் தேடிப் பயனில்லை. மக்கள் குடியிருப்பில் மட்டுமே அடைக்கலம் புகுவது அதன் இயற்கை. குறுந்தொகைப் புலவர் ஒருவர், முற்றத்தில் உலரும் தானியத்தைக் கொத்தி, மன்றத்துப் புழுதியில் குடைந்து விளையாடி, வீட்டு இறவாணத்தில் குஞ்சுகளோடு உறங்கும் குருவியைப் பாடியுள்ளார். அப்பாடலில் குருவி வாழத் தேவையான யாவும் அடங்கிவிட்டன. உண்ணத் தானியம், உடலைத் தூய்மை செய்யப் புழுதி, கூடு வைக்க இறவாணத்து இடுக்கு. இவற்றுள் எது இன்று நகரத்தில் எஞ்சியுள்ளது என்பதே வினா.

முதலில் இடுக்கினைப் பார்த்தல் வேண்டும். பழைய ஓட்டு வீட்டில் ஓட்டுக்கும் கைம்மரத்துக்கும் இடையே எத்தனையோ சந்துகள் இருந்தன. தூலத்தின் மேலும், சுவரில் சாய்த்து மாட்டிய படங்களின் பின்னும் குருவி கூடு வைத்தது. வைக்கோல் துண்டு கீழே விழும். வீட்டுப் பெண்கள் பெருக்கித் தள்ளுவர். கூட்டைக் கலைக்க மனம் வராது. அவ்வீடுகள் இன்று அரியவாயின. மட்டமாகத் தளம் போட்டு, சுவரைப் பூசி, சன்னலுக்குக் கண்ணாடியும் வலையும் இட்ட வீட்டில் ஒரு விரல் நுழையும் சந்தும் இல்லை. அதே கட்டடத்தின் வெளிப்புறத்தில் குளிர்சாதனப் பெட்டிக்கு அமைத்த விளிம்பில் புறா வந்து குடியேறுகிறது. ஒரு கட்டடம் ஒரு பறவைக்குக் கதவை அடைத்து மற்றொரு பறவைக்குத் திண்ணை கட்டிக் கொடுத்துள்ளது. புறா பெருகியதும் குருவி அருகியதும் இரு வேறு நிகழ்ச்சிகள் அல்ல.

அடுத்தது இரை. குருவி தானியம் தின்னும் பறவை என்பது பாதி உண்மை. குஞ்சு பொரித்த முதல் நாட்களில் அதற்குப் புழுவும் பூச்சியும் வேண்டும். தானியத்தை அது செரிக்காது. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக் குருவிக் கூடுகளை ஆராய்ந்தோர், கூட்டில் குஞ்சுகள் பட்டினியால் இறப்பதையும் அதற்குப் பூச்சிகள் குறைந்ததே காரணமாவதையும் கண்டனர். முற்றத்தில் புடைத்த அரிசி நொய்யும், மளிகைக் கடை வாயிலில் சாக்கிலிருந்து சிந்திய தானியமும் இன்று இல்லை. அரிசி நெகிழிப் பையில் அடைபட்டு வருகிறது. அதனோடு கொல்லையில் இருந்த செடியும் போயிற்று; செடியோடு பூச்சியும் போயிற்று. கல் பாவிய முற்றத்தில் புழுதி ஏது?

ஆனால், ஊரார் கூறும் காரணம் இவற்றுள் எதுவும் அன்று. கைபேசிக் கோபுரத்தின் அலைகளே குருவியைக் கொன்றன என்று அவர் கூறுவர். 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தமிழ்த் திரைப்படம் இக்கருத்தைச் சிற்றூர்வரையில் கொண்டு சேர்த்தது. கதைக்கு அது பொருந்தலாம். சான்றுக்கு முன் நிற்பதன்று. குருவி அருகியதற்குக் கோபுரமே காரணம் என்று உறுதியாக நிறுவிய ஆராய்ச்சி இதுவரை இல்லை. அக்கோபுரங்களின் மேலேயே காகங்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. இங்கிலாந்திலோ கைபேசி எங்கும் பரவுமுன்பே குருவிகள் குறையத் தொடங்கின. 2000-ஆம் ஆண்டில் இலண்டன் நாளிதழ் ஒன்று, குருவி மறைந்ததன் காரணத்தை அறிவியல்முறையில் நிறுவுவோர்க்கு 5,000 பவுன் பரிசு தருவதாக அறிவித்தது என்றால், அக்காரணம் எவ்வளவு சிக்கலானது என்பது விளங்கும்.

15,500 பறவை நோக்குவோர் பதிந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளைக் கொண்டு 2020-ஆம் ஆண்டில் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் அறிக்கை வெளியாயிற்று. நாடு முழுவதையும் நோக்குமிடத்துச் சிட்டுக்குருவியின் தொகை பெரிதும் குறையவில்லை என்றும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் அது படிப்படியாகக் குறைந்தது என்றும் அவ்வறிக்கை கூறிற்று. கைபேசிக் கோபுரம் சிற்றூர்களிலும் உண்டு. குருவி சிற்றூரில் நிலைத்துப் பெருநகரில் அருகியது எனின், பழியைக் கோபுரத்தின் மேல் ஏற்றுவது எளிதாகாது. கோபுரத்தைக் குற்றம் சொல்வதில் ஒரு வசதி உண்டு. பழி வேறொருவருடையதாகிவிடும்; தம் வீட்டுச் சுவரை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் நொச்சிக்குப்பத்தைப் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். குப்பத்தில் முன்பு இருந்தவை கூரைக் குடிசைகள். தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-ஆம் ஆண்டில் தோன்றியது. கடற்கரையில் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அவை பழுதடைந்தபின் இடிக்கப்பட்டு, புதிய அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. “குடிசை இருந்த காலத்தில் குருவி இருந்தது, சிமெண்டு வந்தது, குருவி போயிற்று” என்று இரங்குவார் உளர். அவ்விரக்கம் நேர்மையுடையதன்று. தீப்பொறி ஒன்று விழுந்தால் ஒரு தெருவே எரிந்துபோகும் குடிசையில், மழையில் ஒழுகியும் வெயிலில் காய்ந்தும் வாழ்ந்த மக்கள் உறுதியான கூரையை விரும்பியது முறையே. சிமெண்டு வீட்டில் இருந்துகொண்டு, பறவைக்காக மற்றவர் கூரையின் கீழ் வாழ வேண்டும் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. மயிலாப்பூரின் திண்ணை வீடுகளையும் ஓட்டுக் கூரைகளையும் இடித்து அடுக்குமாடி எழுப்பியவர் மீனவர் அல்லர். அங்கே எத்தனை குருவிக் கூடுகள் மண்ணோடு போயின என்று கேட்டவர் எவர்?

குடிசையா குருவியா என்று கேட்பதே பிழையான கேள்வி. சிமெண்டுச் சுவரிலும் குருவி வாழும். அதற்கு வேண்டுவது 32 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளையும், அதன் பின்னே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் உள்ளிடமும்தான். துளை அதனினும் பெரிதானால் மைனா புகுந்து குருவியை விரட்டும். இங்கிலாந்தில் பிரைட்டன் நகராட்சி, 2020-ஆம் ஆண்டிலிருந்து, ஐந்து மீட்டருக்கு மேல் உயரமுள்ள புதுக் கட்டடங்களின் சுவரில் உழவாரன் பறவைக்கென உள்ளீடற்ற கற்களை வைத்துக் கட்டவேண்டும் என்று நெறி வகுத்தது. ஒரு கல்லின் விலை எவ்வளவு இருக்கப்போகிறது? வீட்டு வாரியமும் தனியாரும் நூறு குடும்பத்துக்கு ஒரு கட்டடம் எழுப்பும்பொழுது, வரைபடத்திலேயே பத்துத் துளைகளைக் குறித்துவிட்டால் கொத்தனாருக்கு அரைநாள் வேலைகூட மிகாது. மின் இணைப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் விதி உண்டு. நெருப்பணைக்கும் கருவிக்கும் விதி உண்டு. இதற்கும் ஒரு விதி வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

மரத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டியுள்ளது. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வீசிய வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. புதிய கன்று நடப்பட்டது, நன்று. ஆனால், கன்றில் பொந்து இல்லை. பட்டுப்போன கொம்பினைச் செம்மார்புக் குக்குறுவான் கொத்திக் குடைகிறது. அது விட்டுச் சென்ற பொந்துகள் வேறு சிறு பறவைகளுக்கும் பயன்படும். முதிய மரத்தின் பெரும்பொந்துகளை மைனாவும் புள்ளி ஆந்தையும் கொள்ளும். ஒரு முதிய மரம் ஒரு தெருவுக்குச் சமம். குடி மாறிக்கொண்டே இருக்கும். காய்ந்த கொம்பு கீழே செல்வோர்மேல் விழும் என்றால் வெட்டத்தான் வேண்டும். விழ வழியில்லாத கொம்பையும் தூய்மை என்று சொல்லி வெட்டுவது வீண். மயிலையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912-1996) என்னும் இயற்கை அறிஞர், 1950-ஆம் ஆண்டு முதல் தம் இறுதிக்காலம் வரையில் கல்கத்தா நாளிதழ் ஒன்றில் இயற்கைக் குறிப்புகள் எழுதிவந்தவர். வேற்று நாட்டு மரங்களை விடுத்து இந்நாட்டு மரங்களையே நட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். வேம்பும் பூவரசும் புன்னையும் கடற்காற்றுக்குப் பழகிய மரங்கள். கபாலீசுவரர் கோயிலின் தலமரமும் புன்னையே.

மக்கள் மனம் வைத்தால் பறவை தங்கும் என்பதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. சென்னைக்குத் தெற்கே வேடந்தாங்கல் ஏரியில் நீர்க்கடம்ப மரங்களின் மேல் நாரையும் நீர்க்காகமும் வக்காவும் ஆண்டுதோறும் வந்து கூடு கட்டுகின்றன. அங்கே பறவைகளைச் சுட வந்தோரை ஊரார் எதிர்த்தனர். 1798-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு ஆதரவாக ஆணை பிறப்பித்தார். ஊரார் பறவையைக் காத்தது இரக்கத்தால் மட்டும் அன்று. பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று. தம் நலத்தையும் பறவையின் நலத்தையும் ஒரே ஏரியில் கண்டவர் அவர். நகரத்து மக்களுக்கு வயல் இல்லை. கொசுவும் புழுவும் உண்டு. குருவி ஒரு குஞ்சு வளர்க்கப் பிடிக்கும் பூச்சிகளை எண்ணினால், அங்கும் நலம் இல்லாமல் இல்லை.

வட சென்னையில் ‘கூடுகள்’ என்னும் அறக்கட்டளையினர் பள்ளி மாணவர்களைக் கொண்டே மரப்பெட்டிகளைச் செய்வித்து வீடுகளில் வைக்கின்றனர். நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 பெட்டிகள் ஆயின. பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். அழகுக்காகப் பலகணியின் நடுவே தொங்கவிடுவர், அது காற்றில் ஆடும், குருவி அணுகாது. சுவரோடு அசையாமல் பதிய வேண்டும். ஆள் உயரத்துக்கு மேலே, பூனை தாவ முடியாத இடத்தில், பிற்பகல் வெயில் படாத பக்கத்தில் இருத்தல் வேண்டும். மின்விசிறி சுழலும் அறைக்குள் வைப்பது பெருந்தவறு. அருகே ஒரு தொட்டியில் செடியும், தட்டில் தண்ணீரும், இயலுமாயின் ஒரு பிடி மணலும் இருந்தால் போதும். கூடு வைத்துவிட்டது என்று அறிந்தபின் திறந்து திறந்து பார்த்தல் ஆகாது.

பெட்டி வைத்த ஆண்டிலேயே குருவி வந்துவிடும் என்று எண்ணலாகாது. ஓராண்டு, சில வேளை ஈராண்டுகூட, அது வெறுமையாய்க் கிடக்கும். பின்னர் ஒருநாள் கழுத்தில் கருமை படர்ந்த ஆண் குருவி அதன்மேல் வந்து அமர்ந்து, காலை முழுவதும் ஓயாமல் கத்தும். பெண் குருவி ஒன்று வரும்; துளையில் தலையை நீட்டும்; உள்ளே போகும்; வெளியே வரும்; எதிர்ச் சுவரில் அமர்ந்து நெடுநேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கும். சிலபோது வேண்டாம் என்று பறந்தும் போகும். ஆண் குருவி மறுபடியும் கத்தத் தொடங்கும். மறுநாள் அதன் அலகில் ஒரு வைக்கோல் இருந்தால், உள்ளே இடம் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம்.